விடாப்பிடி

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எனக்கு
ஜன்னல் இல்லாத அறை,
ஓர் ஊசி, ஓர் ஒலிபெருக்கி.
ஊசியைத் தசைக்குள் இறக்கிவிட்டு
அது என்ன பேசுகிறதென்று கேட்கிற வேலை.

ஓய்வில் கிடக்கும் நல்ல தசை
ஒன்றும் சொல்லாது.
நரம்பு கைவிட்ட தசை
தகரக் கூரைத் தூறலாய் முணுமுணுக்கும்.
பதினொரு வருஷம் கேட்டாயிற்று.
வீட்டில் பாத்திரம் உருண்டால்கூட
என்ன நோய் என்று யோசிக்கிறேன்.

படிவத்தில் இடப்பக்கம் வந்தவர்கள் சொல்வது,
வலப்பக்கம் டாக்டர் சொல்வது.
உளைச்சல் என்பார்கள், மயால்ஜியா.
கொறக்களி, அது கிராம்ப்.
சூம்பிட்டு என்றால் அட்ரோபி.
வெட்டி வெட்டி இழுக்கு,
உள்ளுக்குள்ள குடையுது,
மதமதன்னு கெடக்கு,
மூன்றுக்கும் வலப்பக்கம் ஒரே சொல்தான்,
அதுவும் பெரும்பாலும் கேள்விக்குறியோடு.

தோலுக்கடியில் நெளிவதைப் பார்த்த லத்தீன்காரன்
சுண்டெலி என்று பெயர் வைத்தானாம்.
நம்மவன் ஆற்றில் நின்றிருப்பான்,
காலைப் பார்த்தான், கெண்டை என்றான்.
உடம்பு முழுக்க வைக்காமல்
அந்த ஓரிடத்தோடு ஏன் நிறுத்தினான் என்பது
எனக்கு இன்னும் விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, முக்கூடலிலிருந்து முப்புடாதி.
வயது நாற்பத்து மூன்று, பீடி சுற்றுகிறவள்.
"என்ன செய்யுது?"
"ஒண்ணும் செய்யலம்மா.
பிடிச்சா விட மாட்டேங்கு."

முருகன்குறிச்சியில் இறங்க வேண்டியவள்
பஸ் கம்பியை விரல் விடாமல்
சமாதானபுரம் வரை போயிருக்கிறாள்.
கண்டக்டர் மறுபடி டிக்கெட் போட்டாராம்.
"மார்கழியில ரொம்ப மோசம்.
காலையில முதப் பத்து பீடிக்கு
கையோட மல்லுக்கட்டணும்.
பொறவு அது வழிக்கு வந்துரும்.
ஆயிரம் முடியுதப்போ
எனக்கே சந்தேகமா இருக்கும்,
நோக்காடா நடிப்பான்னு."

டாக்டர் ஞானதீபம் சின்னச் சுத்தியலால்
கட்டைவிரல் மேட்டில் தட்டினார்.
விரல் உள்ளே மடங்கியது.
விருந்துக்குப் போன வீட்டிலிருந்து
எழுந்துவர மனசில்லாததுபோல
அங்கேயே இருந்தது.
"மயோட்டோனியா. வீட்ல வேற யாருக்கும் உண்டா?"
அவள் சிரித்தாள்.
"எங்க அம்மைக்கு இருந்திருக்கும்.
காசு கொடுக்கையில கை தாமசிக்கும்.
மகா கருமின்னு பேரெடுத்துட்டுச் செத்தா."

ஊசியை இறக்கினேன்.
ஒலிபெருக்கியில் ஒரு மோட்டார் பைக்
கிளம்பி, முறுக்கி, உச்சத்தில் அலறி,
கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தில் போய் அடங்கியது.
"யாரு வண்டி?" என்றாள்.
"உங்க கைதான்."
இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டாள்.

டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும் சொன்னாள்:
"அவரு செத்த அன்னைக்கு
பாடை கிளம்புதப்போ கம்பைப் பிடிச்சேன்.
பிடிச்சது பிடிச்சபடி.
நாலு பேரு தூக்குதாங்க,
நானும் கூடவே இழுபட்டுப் போறேன்.
என்னா பாசம்னு தெருவே அழுதுச்சு.
அந்தாளு அடிச்ச அடிக்கு
நான் வாசலுக்கே வந்திருக்க மாட்டேன்,
கொழுந்தன்மாருக்குப் பயந்து வந்தேன்.
ஆறு வருசமாச்சு,
இன்னைக்கும் என்னைய உத்தமிங்காங்க.
இதுக்குப் பேரு என்னன்னு சொன்னாரு?"

சொன்னேன்.
மயோ வரைக்கும் வந்தாள்,
டோனியாவில் நாக்கு தட்டியது.
"எழுதித் தாங்க.
ஊர்ல நாலு பேருகிட்டக் காட்டணும்."

மருந்துச் சீட்டின் பின்பக்கம்
தமிழில், கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.
வாங்கிப் பார்த்தாள்.
மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள்,
விரல் விடவில்லை.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தோம்.
வெளியே நாற்பத்தொன்றாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.